பிடித்த ஒரே அணியின் ஐஸ் ஹாக்கி கார்டுகளைச் சேர்ப்பது எப்படி? கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹாக்கி கார்டு என்றால், வீரரின் படமும் ஆட்டக் கணக்கும் அச்சடித்து பாக்கெட்டில் வரும் சின்ன அட்டை. நான் சேர்ப்பது அமெரிக்காவின் சான் ஹோசே ஷார்க்ஸ் அணியின் கார்டுகளை. பாம்பனில் பிறந்தவன் சுறா படம் போட்ட அணியை விட்டுவிட்டு வேறு எதைப் பிடிப்பான்? மண்டபம் முகாமில் இருந்தபோது என்னோடு பள்ளிக்கூடம் படித்த நண்பன் இப்போது கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கிறான். "மச்சான், இங்க காபிக் கடையில ஹாக்கி கார்டு தாறாங்கள்" என்று அவன் அனுப்பிய ஒரு டிம் ஹார்ட்டன்ஸ் பாக்கெட்டில் ஆரம்பித்தது இது.

எனக்குப் பிறகு தங்கச்சி மகனும், ராமநாதபுரத்தில் இரண்டு பேரும், கீழக்கரையில் ஒருவரும் இறங்கினார்கள். அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்கினார்கள், நான் உட்பட. கார்டில் பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது. எதை முதலில் செய்வது என்ற வரிசையில்தான் எல்லோரும் தவறினோம். அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள். இது வட அமெரிக்காவின் என்ஹெச்எல் என்ற லீக்கின் ஐஸ் ஹாக்கி பற்றியது. நம் ஊர்ப் புல்தரை ஹாக்கிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

1. எல்லையை முதலில் எழுதுங்கள்

"ஷார்க்ஸ் கார்டு எல்லாமே வேண்டும்" என்று ஆரம்பிப்பவர் மூன்று மாதத்தில் விட்டுவிடுவார். அந்த அணி 1991-92 சீசனில் ஆட வந்தது. அன்றிலிருந்து வந்த கார்டுகளை எண்ணி மாளாது. ஆகவே ஒரு காகிதத்தில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

எந்த வருடத்திலிருந்து? என் யோசனை 2014-15. அந்த சீசனிலிருந்து என்ஹெச்எல் கார்டு என்றால் அப்பர் டெக் நிறுவனம்தான். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் பனினி என்ற நிறுவனமும் சேர்ந்து அச்சடித்ததால் பட்டியல் இரட்டிப்பாகும். புதியவருக்கு ஒரு நிறுவனத்தின் பட்டியலே போதும்.

எந்தத் தொகுப்புகள்? ஒவ்வொரு சீசனுக்கும் கார்டுகள் பல தொகுப்புகளாக வரும். அப்பர் டெக் சீரிஸ் 1, சீரிஸ் 2, அதே நிறுவனத்தின் ஓ-பீ-சீ. இந்த மூன்றோடு நிறுத்துங்கள். கொஞ்ச நாள் கழித்து எஸ்பி ஆதென்டிக் மாதிரி மேல்தட்டுத் தொகுப்புகளைப் பார்க்கலாம். கோப்பை என்று பொருள்படும் 'தி கப்' தொகுப்பை ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும், பர்ஸ் பத்திரமாக இருக்கும்.

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: வேறு அணிச் சட்டையில் இருக்கும் நம் ஆள் கணக்கில் வருவாரா? ஜோ தார்ன்டன் ஷார்க்ஸின் பெரிய பெயர்களில் ஒருவர். ஆனால் அவர் 2005 நவம்பரில்தான் பாஸ்டனிலிருந்து மாறி வந்தார். அவருடைய அறிமுகக் கார்டுகள் பாஸ்டன் சட்டையில் இருக்கும். பிரென்ட் பர்ன்ஸுக்கும் அதே கதை, அவர் ஆரம்பித்தது மினசோட்டாவில். நான் 'சட்டைதான் கணக்கு' என்று முடிவு செய்தேன். நீங்கள் 'ஆள்தான் கணக்கு' என்று வைத்தாலும் தப்பில்லை. ஆனால் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். கீழக்கரை நண்பர் அப்படிச் செய்யாமல் ஆறு மாதம் பாஸ்டன், ஒட்டாவா, மினசோட்டா என்று வாங்கிக் குவித்தார். இப்போது அது எந்த அணியின் சேகரிப்பு என்று அவருக்கே தெரியவில்லை.

2. பட்டியலை நோட்டில் ஏற்றுங்கள்

டிரேடிங் கார்டு டேட்டாபேஸ் என்ற இணையதளத்தில் ஒவ்வொரு தொகுப்பின் பட்டியலும் இலவசமாக இருக்கிறது. அணி வாரியாகப் பிரித்தும் பார்க்கலாம். அதைப் பார்த்து உங்கள் அணியின் கார்டுகளை மட்டும் எழுதுங்கள். செல்போனில் எக்ஸெல் இருந்தாலும் நான் நீள நோட்டில்தான் எழுதுகிறேன். கையால் எழுதினால் எண்கள் மனதில் தங்குகின்றன.

எண்களின் அமைப்பைப் புரிந்துகொண்டால் வேலை பாதியாகும். அண்மைக்கால சீரிஸ் 1-இல் 1 முதல் 200 வரை சாதாரணக் கார்டுகள், 201 முதல் 250 வரை 'யங் கன்ஸ்' எனப்படும் புதுமுக வீரர்கள். சீரிஸ் 2 அந்த எண்ணிலிருந்தே தொடரும்: 251 முதல் 450 வரை சாதாரணம், 451 முதல் 500 வரை யங் கன்ஸ். கானர் மெக்டேவிடின் 2015-16 யங் கன்ஸ் எண் 201. கானர் பெடார்டின் 2023-24 யங் கன்ஸ் எண் 451. எண்ணைச் சொன்னாலே அது எந்தத் தொகுப்பு என்று உங்களுக்குத் தெரிந்துவிட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. லீக்கில் 32 அணிகள். 200 சாதாரணக் கார்டை 32-ஆல் வகுத்தால் ஓர் அணிக்கு ஆறு கார்டு சொச்சம். சீரிஸ் 1, 2 இரண்டும் சேர்த்து ஆண்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று. ஓ-பீ-சீயில் 600 கார்டு, அதில் முதல் 500-ஐ மட்டும் எடுத்தால் அணிக்குப் பதினைந்து பதினாறு. ஆக, ஓர் ஆண்டின் அடிப்படைச் சேகரிப்பு முப்பது கார்டுக்குள் அடங்கிவிடும். இதை நோட்டில் பார்த்த பிறகுதான் தங்கச்சி மகனுக்கு மூச்சு வந்தது. ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நினைத்துப் பயந்திருந்தான்.

பட்டியலில் ஒரு வினோதமும் இருக்கும். சீரிஸ் 1 சீசன் தொடங்கிய கையோடு வருவதால், கோடையில் அணி மாறியவர் பழைய சட்டையிலேயே வந்துவிடுவார். சீரிஸ் 2-இல்தான் சரியாகும். அதைப் பிழைக் கார்டு என்று சொல்லி விலை ஏற்றினால் நம்பாதீர்கள்.

3. கார்டைப் படிக்கப் பழகுங்கள்

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு மலிவான கார்டைக் கையில் வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் பாருங்கள்.

பின்பக்கத்தைத் திருப்புங்கள். மேலே மூலையில் கார்டு எண். நடுவில் வீரரின் ஆட்டக் கணக்குப் பட்டியல். அடியில் கண்ணைச் சுருக்கிப் படிக்கிற அளவில் பதிப்புரிமை ஆண்டு. கணக்கின் கடைசி வரி எப்போதும் முந்தைய சீசனுடையது. கடைசி வரி 2014-15 என்றால் கார்டு 2015-16. முன்பக்கத்தில் ஆண்டைத் தேடி ஏமாந்து, வருடத்தை மாற்றிப் பதிவு செய்பவர்கள் அதிகம். விற்பவர்களும் அப்படித் தப்பாகப் போடுவதுண்டு.

அடுத்தது 'பேரலல்'. அதே படம், அதே எண், ஆனால் பளபளப்போ ஓரத்தின் நிறமோ மாறியிருக்கும், அச்சடித்த எண்ணிக்கை குறைவு. சீரிஸ் 1, 2-இல் 'எக்ஸ்க்ளூசிவ்ஸ்' நூறுதான் அச்சாகும், 'ஹை கிளாஸ்' பத்துதான். கார்டிலேயே 017/100 என்று முத்திரை இருக்கும்: நூறில் பதினேழாவது. அந்த எண் பதினேழாக இருப்பதால் மதிப்பு கூடாது. கணக்கில் வருவது நூறு என்ற எண்ணிக்கைதான். வீரரின் சட்டை எண்ணோடு ஒத்துப்போனால் கூடுதலாகக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் ஆசை.

புதியவர் பேரலல் பக்கம் முதல் ஆண்டு போகவே வேண்டாம் என்பேன். ஒரு வீரருக்குப் பத்துப் பதினைந்து விதம் இருக்கும். முப்பது கார்டு பட்டியல் முந்நூறாக வீங்கிவிடும்.

4. உறையும் டப்பாவும் கார்டுக்கு முன்பே வரவேண்டும்

எல்லோரும் கார்டை வாங்கிவிட்டு அப்புறம் உறை தேடுவார்கள். டொராண்டோவில் அது பரவாயில்லை. நம் கரையில் முடியாது.

என் முதல் நாற்பது கார்டை இரும்பு பீரோவில் துணிக்கு நடுவே வைத்தேன். புரட்டாசியில் வைத்தது, கார்த்திகையில் எடுத்தபோது பொரித்த அப்பளம் போல வளைந்திருந்தது. காரணம் எளிது: பளபளப்புக் கார்டுகளில் ஒரு பக்கம் மெல்லிய உலோகப் பூச்சு, மறுபக்கம் காகிதம். காகிதம் ஈரத்தைக் குடித்து விரிகிறது, பூச்சு விரிவதில்லை, கார்டு பூச்சுப் பக்கமாகச் சுருள்கிறது. வடகிழக்குப் பருவமழையும் கடல்காற்றும் சேர்ந்தால் இரண்டு மாதம் போதும்.

வேண்டியவை இவ்வளவுதான். பென்னி ஸ்லீவ் என்கிற மெல்லிய உறை ஒரு கட்டு. டாப்லோடர் என்கிற விறைப்பான பிளாஸ்டிக் உறை இருபத்தைந்து. ஒன்பது அறை உள்ள ஆல்பம் தாள் பத்து. மூடியில் ரப்பர் வளையம் உள்ள, நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும் சமையலறை டப்பா ஒன்று. சிலிக்கா ஜெல் கால் கிலோ. டப்பாவுக்குள் வைக்க ஒரு சின்ன ஈரப்பத மீட்டர்.

கார்டின் அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். இது ஏன் முக்கியம் என்றால், தங்கச்சி மகன் விசிட்டிங் கார்டு ஆல்பத்தை வாங்கி வந்துவிட்டான். விசிட்டிங் கார்டு அறை அகலம் போதாது. திணித்ததில் நான்கு கார்டின் மூலை மடிந்தது. போட்டோ ஆல்பம் எதிர்ப்பக்கம்: அறை பெரிது, கார்டு உள்ளே ஆடி ஓரம் தேயும்.

ஆல்பம் தாள் வாங்கும்போது 'பிவிசி இல்லாதது' என்று பார்த்து வாங்குங்கள். கொழகொழவென்று வளைந்து, முகர்ந்தால் புது மழைக்கோட்டு வாடை அடிப்பது பிவிசி. நம் வெயிலில் அது கார்டோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை உரிந்து வரும்.

டப்பாவுக்குள் 45 முதல் 50 சதவீத ஈரப்பதம் நல்லது. அதற்கு மிகவும் கீழே போனாலும் கார்டு எதிர்ப்பக்கமாக வளையும். ஆகவே சிலிக்கா ஜெல்லை அள்ளிக் கொட்டாதீர்கள். ஒரு கைப்பிடியைத் துணிப்பையில் கட்டி வைத்து, மீட்டரைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்கை மென்மையாக்கும், வாடையும் போகாது. ராமபாணப் பூச்சி வருவது ஈரத்தைத் தேடித்தான். ரப்பர் வளைய டப்பாவுக்குள் அதற்கு வழியில்லை. அப்புறம், கருவாடு இருக்கிற அறையில் டப்பாவைத் திறக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், என் ஓ-பீ-சீ கார்டுகள் சில இன்னமும் நெத்திலி மணக்கின்றன.

5. பெட்டி வாங்கி உடைக்காதீர்கள்

யூடியூபில் ஒருவர் கார்டு பாக்கெட்டுகள் அடங்கிய புதுப் பெட்டியை உடைத்து யங் கன்ஸ் எடுப்பதைப் பார்த்தால் கை அரிக்கும். ஒரே அணியைச் சேர்ப்பவருக்கு அது நஷ்டக் கணக்கு.

கார்டுக் கடைகளுக்கு வரும் சீரிஸ் 1 'ஹாபி' பெட்டியில் ஆண்டைப் பொறுத்து ஏறக்குறைய நூற்றைம்பது முதல் இருநூறு கார்டு இருக்கும். 32 அணிக்குப் பங்கு போட்டால் உங்கள் அணிக்கு ஐந்தாறு. யங் கன்ஸ் சராசரியாக ஆறு வரும். அதில் ஒன்றாவது உங்கள் அணி ஆளாக இருப்பது ஏறக்குறைய ஐந்து பெட்டிக்கு ஒரு தடவை. மீதிக் கார்டுகளை ராமநாதபுரத்தில் யாரிடம் விற்பீர்கள்?

இதற்குப் பதிலாக இணையத்தில் 'டீம் செட்' என்று தேடுங்கள். பெட்டி உடைப்பவர்கள் தங்களுக்கு வேண்டாத அணிகளை அணி வாரியாகக் கட்டி விற்பார்கள். ஷார்க்ஸ் ரசிகர் கூட்டம் டொராண்டோ, மான்ட்ரியால் அளவுக்குப் பெரியதில்லை என்பதால் சாதாரணக் கார்டு கட்டு சல்லிசாகவே கிடைக்கும். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் உங்கள் அணி என்றால் கொஞ்சம் கூடவே எடுத்து வையுங்கள்.

'பிரேக்' என்று ஒன்று உண்டு: ஒருவர் நேரலையில் பெட்டிகளை உடைப்பார், நீங்கள் ஓர் அணிக்கு மட்டும் பணம் கட்டுவீர்கள், அந்த அணி கார்டு எது வந்தாலும் உங்களுக்கு. எதுவும் வராமலும் போகும். லாட்டரிச் சீட்டு வாங்குகிற மனநிலையில் போகிறவர்கள் போகலாம். நான் இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பினேன்.

6. பணமும் பார்சலும்

இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது, பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் போய் அதை இயக்கி, உச்சவரம்பு வைத்து, வாங்கியதும் மறுபடி அணைத்துவிடுங்கள். டாலர் மாற்றும்போது வங்கி தன் பங்குக்குக் கட்டணம் பிடிக்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கார்டு அரை டாலர், அனுப்பும் செலவு பதினைந்து டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார்டு வாங்கினாலும் அறுபது வாங்கினாலும் அந்தப் பதினைந்து பெரிதாக மாறாது. அதனால் சேர்த்து வாங்குவதுதான் வழி. 'சிஓஎம்சி' (COMC) என்று எல்லோரும் சொல்லும் செக் அவுட் மை கார்ட்ஸ் இணையதளம் இதற்குத் தோது. பல பேர் விற்கும் கார்டுகள் அவர்களுடைய கிடங்கிலேயே இருக்கும். நீங்கள் வாங்கியதும் உங்கள் பெயருக்கு மாறி அங்கேயே கிடக்கும். வேண்டியது சேர்ந்ததும் ஒரே பார்சலாக வரவழைக்கலாம். நான் ஆண்டுக்கு ஒரு தடவை, மாசிக்குப் பிறகு, மழை முற்றிலும் விட்ட காலத்தில் வரவழைக்கிறேன்.

இரண்டாவது வழி, ஊருக்கு வரும் சொந்தக்காரர். விற்பவர் உள்நாட்டு அஞ்சலில் அவர்கள் வீட்டுக்கு அனுப்புவார், அவர்கள் பெட்டியில் ஒரு மூலையில் போட்டுக் கொண்டுவருவார்கள். உங்களால் ஒரு தொந்தரவும் இருக்கக்கூடாது: ஆறு பேரிடம் வாங்கி ஆறு கவரை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். ஐம்பது கார்டு ஒரு சோப்பு டப்பா கனம்கூட இருக்காது.

நேரடியாகப் பார்சல் வந்தால் சுங்க வரி விழலாம். கூரியர் என்றால் அடையாள ஆவணம் கேட்பார்கள், உடனே கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் பார்சல் கிடங்கில் கிடந்து வேகும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரிடம் கேட்காதீர்கள். தொலைந்தால் எழுதிய விலைக்குத்தான் பேசமுடியும், அது போக பொய்க்கணக்கு நமக்கு எதற்கு? ராமநாதபுரம் நண்பர் ஒருவருக்குப் பார்சல் ஒன்பது வாரம் சுற்றியது. முகவரியில் செல்போன் எண் விட்டுப்போனதுதான் காரணம்.

விற்பவரிடம் கேட்கவேண்டிய ஒரே வாக்கியம்: 'டாப்லோடர் வாயை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள்'. செலோ டேப் நம் வெப்பத்தில் பசை கக்கும். அதைப் பிய்க்கும்போதுதான் கார்டு மடிகிறது.

7. பார்சல் பிரிக்கும்போது

வந்த அன்றே பிரிக்காதீர்கள். ஒரு நாள் அறையில் கிடக்கட்டும், சூடு சமமாகும். மழை பெய்யாத நாளாகப் பார்த்து, கையைக் கழுவித் துடைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு உட்காருங்கள். விசிறிக் காற்றில் பறந்த கார்டு தரையில் விழுவது எப்போதும் மூலை பட்டுத்தான்.

இப்போது உறை போடும் விதம். பென்னி ஸ்லீவின் வாயை இரண்டு விரலால் லேசாக அமுக்கினால் திறக்கும். கார்டின் ஒரு மூலையை முதலில் சாய்வாக நுழைத்துவிடுங்கள், பிறகு மற்ற மூலை. இரண்டையும் நேராகத் திணித்தால் ஏதோ ஒன்று தட்டி வெள்ளைப் புள்ளி விழும். உறை போட்ட பிறகு, அந்த உறையோடு சேர்த்து டாப்லோடரில் இறக்குங்கள். உறையில்லாமல் டாப்லோடரில் போட்டால் விறைப்புப் பிளாஸ்டிக் கார்டின் முகத்தைக் கீறும். எல்லாக் கார்டுக்கும் டாப்லோடர் தேவையில்லை: யங் கன்ஸ், எண் போட்டவை, கையெழுத்திட்டவை ஆகியவற்றுக்குப் போதும். சாதாரணக் கார்டுகளை ஆல்பம் தாளில் போடுங்கள், புரட்டிப் பார்க்கத்தானே சேர்க்கிறோம்.

நோட்டில் டிக் போட்டுவிட்டே டப்பாவை மூடுங்கள். அப்புறம் எழுதலாம் என்று விட்டவர்கள் எல்லோரிடமும் ஒரே கார்டு மூன்று இருக்கிறது.

8. யங் கன்ஸ், கையெழுத்து, சட்டைத் துண்டு

அடிப்படைப் பட்டியல் ஓராண்டுக்காவது நிறைந்த பிறகு இந்தப் பக்கம் வாருங்கள்.

யங் கன்ஸ் வாங்க அவசரப்படாதீர்கள். தொகுப்பு வெளியான முதல் வாரங்களில் விலை கொதிக்கும். பெட்டிகள் நிறைய உடைபட்டுக் கார்டுகள் சந்தைக்கு வந்ததும் பெரும்பாலான பெயர்களுக்கு இறங்கும். அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் 2024 'டிராஃப்ட்'டில் முதலாவதாக ஷார்க்ஸ் எடுத்த மேக்லின் செலிப்ரினி மாதிரி ஆள் விதிவிலக்கு. அவருடைய யங் கன்ஸ் 2024-25 சீரிஸ் 2-இல் வந்தது. சீரிஸ் 1-இல் தேடி, 'கிடைக்கவே இல்லை மாமா' என்று தங்கச்சி மகன் ஒரு வாரம் புலம்பினான். அக்டோபரில் முதல் ஆட்டம் ஆடும் புதுமுகங்கள் பலர் சீரிஸ் 2-இல்தான் வருவார்கள்.

கையெழுத்தில் இரண்டு வகை: கார்டின் மேலேயே பேனாவால் போட்டது, ஒளிபுகும் ஸ்டிக்கரில் போட்டு ஒட்டியது. படத்தில் கையெழுத்தைச் சுற்றி மெல்லிய விளிம்பு தெரிந்தால் ஸ்டிக்கர். முன்னதற்கே மதிப்பு அதிகம்.

சட்டைத் துண்டு வைத்த கார்டு என்றால் பின்பக்க வாசகத்தை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆட்டத்தில் அணிந்த சட்டை வேறு, படம் எடுக்கும் நிகழ்ச்சியில் அணிந்த சட்டை வேறு. விற்பவர் தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் கார்டில் அச்சடித்ததுதான் பேச்சு. இவை தடிமனான கார்டுகள், சாதாரண டாப்லோடரில் நுழையாது. தடிமன் பார்த்துத் தனி உறை வாங்குங்கள்.

விளம்பரத்தில் 'ரீப்ரின்ட்', 'கஸ்டம்' என்ற சொல் எங்காவது ஒளிந்திருந்தால் அது நகல். பின்பக்கப் படம் போடாத விளம்பரத்தை நான் திறப்பதே இல்லை.

கார்டின் நிலையைப் பார்த்துத் தரமிட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் பிஎஸ்ஏ போன்ற சேவை நமக்கு இப்போதைக்கு வேண்டாம். கார்டு மறுபடி அமெரிக்கா போய்வரும் செலவில் இரண்டு சீசன் டீம் செட் வாங்கிவிடலாம். தரமிட்டே வேண்டும் என்றால், தரமிட்டதையே வாங்குங்கள்.

9. மழைக்கு முன் ஒரு நாள் வேலை

புரட்டாசி கடைசியில் ஒரு வெயில் நாளை ஒதுக்குங்கள். ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் ஈரம் குடித்ததும் பச்சையாகும். சமையலுக்குப் பயன்படாத பழைய சட்டியில் போட்டு, சிறுதீயில் நிறம் திரும்பும்வரை வறுத்து, ஆறவைத்துப் பையில் கட்டுங்கள். சூடாக டப்பாவில் போட்டுவிடாதீர்கள், எனக்கு ஒரு டாப்லோடர் இளகிப்போனது. டப்பாவின் ரப்பர் வளையத்தை எடுத்து, உப்புப் படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள்.

டப்பாவைக் கடலைப் பார்த்த சுவரோரம் வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம். வீட்டின் உள்சுவரில் இடுப்புயர அலமாரி போதும். ஏற்கனவே வளைந்துபோன கார்டு இருந்தால் இஸ்திரிப் பெட்டியைத் தேடாதீர்கள். உறை போட்டு, இரண்டு டாப்லோடருக்கு நடுவே வைத்து, மேலே கனமான நோட்டு ஒன்றை ஏற்றி, 45 சதவீதம் காட்டும் டப்பாவில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். என் நாற்பதில் முப்பத்திரண்டு அப்படித்தான் நிமிர்ந்தன. மீதி எட்டைத் தங்கச்சி மகனுக்குப் பழகக் கொடுத்துவிட்டேன். உறை போடப் பழகியது அவற்றில்தான்.